மாஸ்க் போட்டும் காய்ச்சல் ஒட்டிக்கொள்வது ஏன்?

சேலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் அடிக்கும் நேரத்தில் ஏற்காடு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். அடிவாரம் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் குளிர ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துவார்கள். 20 வளைவும் முடிவதற்குள், உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சையே எல்லோரும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருப்போம். பின் சீட்டில் ஒருவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமுவார். (இருமத்தானே ஐயா அதைப் போட்டது!) நாமோ கம்பியைப் பிடித்த கைக்கு சானிடைசர் தடவிக்கொண்டு நிம்மதியாக இறங்குவோம்.

கையைச் சுத்தம் செய்வது தப்பில்லை. ஆனால் கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை போன்றவை பெரும்பாலும் மூச்சு, இருமல் வழியாகவே பரவுகின்றன. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். அதனால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலை நாலு விரல் அளவாவது திறந்து வையுங்கள். மூக்கு மூடாத மாஸ்க் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு பரவும்போது கதை வேறு. அங்கே கைதான் வில்லன். தட்டுவடை செட் கடையில் கையுறையைப் பார்த்ததும் நம்பிவிடுகிறோம். கொஞ்சம் நின்று கவனியுங்கள்: அதே கையுறையோடு பத்து ரூபாய் நோட்டை வாங்கி, கல்லாவைத் திறந்து மூடி, அடுத்த தட்டுக்குத் துருவிய பீட்ரூட்டை அள்ளுவார். இதற்கு வெறுங்கையே மேல், அழுக்கானால் கழுவவாவது தோன்றும். நோரோ வைரஸ் மாதிரியான கிருமிகளிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவ வேண்டும். குடிநீரையும் சூடேறியவுடன் இறக்கிவிடாதீர்கள், தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கட்டும். அதைக் குடத்தில் ஊற்றிவிட்டு விரல் நனைய சொம்பை விட்டு மொண்டால் கொதிக்க வைத்ததே வீண்.

பிள்ளைக்கு விடிகாலையில் காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்ததும் எட்டு மணிக்குள் உடம்பு குளிர்ந்துவிடும். சரி, சரியாகிவிட்டது என்று ஸ்கூலுக்கு அனுப்பினால், மதியத்துக்குள் போன் வரும். அதற்குள் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் பங்கு போயிருக்கும். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு அனுப்புங்கள். அப்புறம், போன தடவை மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு அது கேட்காது.

அம்மை விஷயத்தில் நம் பாட்டிகள் கெட்டிக்காரர்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம். இன்றைக்கும் வேப்பிலை செருகுகிறோம். ஆனால் பார்க்கப் போகாவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்று பழப்பையோடு உள்ளே போய் உட்கார்ந்தும் விடுகிறோம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதெல்லாம் கணக்கில்லை, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். முன்பு அம்மை வராத கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. மற்றவர்கள் பையை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் நாலு வார்த்தை பேசிக்கொள்ளலாம்.