வெள்ளையடித்த வீடு: கலை இயக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு முதலீட்டுச் சுயாதீனப் படங்களில் முதன்முறையாகக் கலை இயக்கப் பொறுப்பை ஏற்கும் இளைஞர்களோடு அண்மைக் காலமாக லொகேஷன்களுக்குச் சென்று வருகிறேன். நான் முன்பு இழைத்த பிழைகளையே அவர்களும் இழைப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. ஃப்ரேமுக்குள் தண்ணீர் பாட்டில் கிடப்பது, நாற்காலி ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறுவது போன்றவற்றை உதவி இயக்குநரே கண்டுபிடித்துவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் வருவது

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் கதைக்கென்றே கட்டியது போன்ற ஓட்டு வீடு கிடைத்தது. திண்ணைச் சுவரில் தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய்ப் பிசுக்கும், அடுப்பங்கரையில் புகைக்கறையும், அதன் பக்கத்துச் சுவரில் பால் கணக்குக்காகக் கரியால் போட்ட கோடுகளும் இருந்தன. இறந்துபோன தாயின் கையெழுத்தாக மகள் காணவேண்டியவை அந்தக் கோடுகளே என்று இயக்குநர் அங்கேயே காட்சியை மாற்றி எழுதினார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் பொருள்களோடு போய் இறங்கியபோது, வீடு முழுவதும் சுரண்டித் தேய்த்துப் புதிய எமல்ஷன் அடிக்கப்பட்டிருந்தது. “சினிமாக்காரங்க வர்றீங்க, வீடு பளிச்சுன்னு இருக்க வேணாமா, தம்பி?” என்றார் அந்த வீட்டு அம்மா. தம் செலவில், எங்களுக்குச் செய்யும் மரியாதையாக அவர் செய்த வேலை அது. தவறு முழுவதும் என்னுடையது.

பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் தேயிலைச் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு ஒரே இரவில் பழமை காட்டும். எமல்ஷன் பூச்சிலோ சாயம் நிற்காமல் வழிந்தோடியது. சுண்ணாம்பில் காவியும் விறகுக்கரியும் சிறிது பெவிக்காலும் கலந்து, சாக்குத் துணியால் ஒற்றி ஒற்றி இரண்டு நாள் உழைத்தோம். தூரத்து ஷாட்டுகளுக்கு அது போதுமானதாக இருந்தது; கோடுகளின் க்ளோஸ்-அப் மட்டும் படத்தில் இல்லாமலே போயிற்று. ஒரு கைப்பழக்கத்தில் பல ஆண்டுகளாக விழுந்த கோடுகளை நாங்கள் எத்தனை முறை வரைந்தும் அவை வரைந்தவையாகவே தெரிந்தன.

ஆகவே, வீட்டைப் பிடித்த அன்றே ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்து, எதையெல்லாம் தொடக்கூடாது என்பதை வீட்டாரிடம் நேரில் காட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எங்கள் செலவில் வண்ணம் பூசித் தருகிறோம் என்று சொல்லி, அந்தத் தொகையைப் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். வீடு அழகாக வேண்டும் என்ற அவர்களின் ஆசை நியாயமானது. அதைச் சில வாரங்கள் தள்ளிவைக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எல்லாப் பொருளும் ஒரே ஆண்டைச் சேர்ந்திருப்பது

கதை 1985-இல் நடக்கிறது என்றால், 1985-இன் பொருள்களை மட்டும் தேடி வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த வீட்டில் பாட்டியின் சீர்வரிசைப் பித்தளை அண்டாவும், அறுபதுகளில் வாங்கிய வால்வு ரேடியோவும் இருக்கும். அந்த ஆண்டில் புதிதாக வந்தது ஒரு பிளாஸ்டிக் குடமாக மட்டுமே இருக்கலாம். இன்றைய கதைக்கும் இது பொருந்தும். 2006-இல் தொடங்கி அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியும், 2011-இல் தொடங்கி வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் நம் எளிய வீடுகள் பலவற்றில் ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றன. அவற்றை நினைத்துப் பார்க்காமல் அமைத்த வீட்டில் ஆள் வாழ்ந்த தடமே தெரியாது.

பெயர்ப்பலகை எழுத்து

ணை, லை, னை போன்ற எழுத்துகளின் இன்றைய வடிவம் 1978-இன் எழுத்துச் சீர்திருத்த ஆணையால் தமிழ்நாட்டில் பரவியது. அதற்கு முந்தைய கதைக்குக் கணினி எழுத்துருவை அப்படியே அச்சிட்டு மாட்டாதீர்கள்; பழைய எழுத்து தெரிந்த பெயின்டரைக் கொண்டு கையால் எழுதவையுங்கள். விலைப்பலகையில் ₹ குறியீடு 2010-க்கு முன் கிடையாது, ‘ரூ.’ என்றே எழுதுங்கள்.

வண்ணம்

கேமராவில் சோதிக்காமல் முழுச் சுவருக்கும் அடிக்காதீர்கள்.

வாடகைப் பொருள்

உடைந்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை எடுக்கும் அன்றே எழுதி வாங்குங்கள்.