திண்ணையில் பத்து நிமிடம்

தியானத்துக்குத் தனி அறை வேண்டாம். திருமூலர் தவமிருந்ததாகச் சொல்லப்படும் திருவாவடுதுறைக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். நான் உட்காருவது வீட்டுத் திண்ணையில், பால்காரர் வருவதற்கு முன்னால்.

கவனிக்க வேண்டியது இடுப்பு. பழைய போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். வெறும் தரையில் சம்மணம் போட்டால் பலருக்கும் கூன் விழும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், பாதம் தரையில் பதிந்தால் போதும். பத்மாசனமெல்லாம் படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

கைகளைத் தொடைமேல் வைத்துக் கண்ணை மூடுங்கள். மூச்சை இழுத்து அடக்க வேண்டாம். அது மூக்கு நுனியில் வந்துபோவதை மட்டும் கவனியுங்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களா, நாற்றங்காலுக்குத் தண்ணீர் எட்டுமா என்று மனசு ஓடும். சரி, ஓடட்டும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள், சண்டை போடாதீர்கள். கொசு கடித்தால் தட்டிவிடலாம், தவம் ஒன்றும் கலைந்துவிடாது.

போனில் பத்து நிமிட அலாரம் வையுங்கள். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம். காலை நீட்டி, மரப்பு விட்டபின் எழுங்கள்.