வானிலை படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

புவி இயற்பியல், வானிலையியல் பட்டப்படிப்பு என்றதும் பாறை பொறுக்கலாம், மேகம் பார்க்கலாம் என்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். முதலில் வந்து நிற்பது நுண்கணிதமும் இயற்பியலும்தான். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல், இயற்பியல் புலத்தின்கீழ்தான் இருக்கிறது. ஆகவே பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதத்தைக் கைகழுவாதீர்கள். உயிரியல் போதும் என்னும் மாமாக்களின் பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுங்கள்.

விடுமுறையில் தோட்ட அலுவலகத்து மழைமானியைப் போய்ப் பாருங்கள். மழை பெய்தால் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, முடியாது என்பதால் பல தோட்டங்களில் அன்றாட மழையளவை எழுதி வைப்பது வழக்கம். தோட்டத்து எழுத்தரான கிராணியாரிடம் பணிவாகக் கேட்டால் பழைய பேரேட்டைக் காட்டுவார். 1 மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர். மாதவாரியாகக் கூட்டி வரைபடம் போடுங்கள். பேராக்கின் உட்பகுதிகளில் பருவக்காற்று மாறும் ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிக் கோடு மேலே ஏறுவது வழக்கம். ஏன் என்று தேடத் தொடங்கினால் பாதிப் பாடம் பிடிபட்டுவிடும்.