கோர்சிகாவில் யாட்டை நங்கூரமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான கோர்சிகாவின் மேற்குக் கரை பெரிய பெரிய வளைகுடாக்களாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது: போர்த்தோ, சகோன், அஜாக்ஸியோ, வலின்கோ. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னக் குடாக்கள். சிவந்த பாறை, அடிமணல் தெரிகிற தண்ணீர், மேட்டில் ஜெனோவா ஆட்சிக்காலத்துக் காவல் கோபுரம். யாட்டை, அதாவது உல்லாசப் படகை, வாடகைக்கு எடுத்து வருகிறவர்களில் பலர் இணையத்தில் பார்த்த ஒரு குடாவின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, நேராக அங்கே போய் நங்கூரம் போடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பகலில் குளிக்கவும் சாப்பிடவும் எந்த அழகான இடமும் சரி. இரவு தங்கும் இடத்தைக் காற்றையும் அடித்தரையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் காற்று. இந்தக் கரை முழுக்க மேற்குக்குத் திறந்த கரை. கோடையில் பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ எழும். பொழுது சாய்ந்தால் அடங்கும். இரண்டு நாள் இதைப் பார்த்துப் பழகியவுடன், எந்தக் காற்றும் மாலையில் அடங்கிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். லிபெச்சியோ என்று இங்கே அழைக்கப்படும் தென்மேற்குக் காற்று அப்படி அடங்குவதில்லை, இரவிலும் வீசும். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கிவரும் மிஸ்த்ராலில் வேறொரு தொல்லை இருக்கிறது: காற்று வருமுன்பே அதன் அலை வந்துவிடும். குடாவுக்குள் இலைகூட அசையாது. ஆனால் வெளியிலிருந்து உருண்டு வரும் அலை படகை விடிய விடியப் பக்கவாட்டில் ஆட்டும். அதனால் வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அலை எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு உயரத்துக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தீவின் வடக்கே விரல் நீட்டியதுபோல் இருக்கும் காப் கோர்ஸில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று வீசும்போது, மலைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்று கிழக்குப் பக்கம் போகிறார்கள். அங்கே அலை இருக்காது, உண்மைதான். ஆனால் காற்று மலையுச்சியைத் தாண்டிக் கீழே சரியும்போது வேகம் கூடி, விட்டுவிட்டு அறையும். மேற்கில் இருந்ததைவிடக் கடுமையாகவும் அறையும். தண்ணீர் அமைதியாகத் தெரிகிறது என்று சங்கிலியைக் குறைவாக விட்டவர்களின் நங்கூரம் இங்கே எளிதில் இழுபடும்.

அடுத்தது அடித்தரை. இந்தக் கடலின் தரையில் பெரும்பரப்பில் வளர்வது பொசிடோனியா என்னும் கடற்புல். இது பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். தெளிந்த நீரில் சுமார் 40 மீட்டர் ஆழம் வரை வளரும். மீன்குஞ்சுகளுக்கு இதுதான் வீடு. கரை அரிக்காமல் காப்பதும் இதுதான். தரையில் பக்கவாட்டில் பரவும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு நங்கூரமும் அதன் சங்கிலியும் ஒரே இரவில் உழுதுபோட்ட இடம் மறுபடி மூடுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். தெற்கே சான்ட் அமான்சா வளைகுடாவில் பெரிய யாட்டுகள் ஆண்டுக்கணக்கில் செய்த சேதத்தை நீருக்கடியில் போனால் பார்க்கலாம். பிரான்சின் மத்தியதரைக் கடல் பகுதிக்கு 2019இல் வந்த ஆணைக்குப் பிறகு, 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் கடற்புல் பரப்பில் நங்கூரமிட முடியாது.

சின்னப் படகு வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டத்தை விடுங்கள், உங்கள் பாதுகாப்புக்காகவே கடற்புல்லைத் தவிருங்கள். நங்கூரத்தின் முனை அடர்ந்த இலைகளைத் தாண்டித் தரைக்குள் இறங்காது. தண்டுகளில் சிக்கி, பிடித்துவிட்டது போலத் தோன்றும். நள்ளிரவில் காற்று கூடும்போது ஒரு புல்கட்டியோடு சேர்ந்து பெயர்ந்து வரும். பிறகு அந்தக் கட்டி முனையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், நங்கூரம் மறுபடி எங்கும் பிடிக்காது. மேலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரிவது புல் அல்லது பாறை. வெளிர்நீலமாகத் தெரிவது மணல். வெயில் உச்சியில் இருக்கும்போது இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும், மாலை ஆறு மணிக்குத் தெரியாது. சீக்கிரமே வந்து சேருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். டோனியா என்ற கைபேசிச் செயலி கடற்புல் எங்கே, மணல் எங்கே என்று வரைபடத்திலேயே காட்டுகிறது.

ஆழத்தைப்போல் இத்தனை மடங்கு என்று கணக்கிட்டுத்தான் சங்கிலியை விடுவார்கள். அந்தக் கணக்கிலும் ஒரு பழைய தவறு உண்டு. ஆழமானி 5 மீட்டர் காட்டினால் ஐந்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தண்ணீரிலிருந்து படகின் முன்முனை வரையுள்ள உயரத்தையும் கூட்ட வேண்டும். முன்முனை 1.5 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 6.5 மீட்டர், ஐந்து மடங்கு சங்கிலி என்றால் 32.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆழமானி உங்கள் படகில் நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, அடிக்கட்டையிலிருந்தா என்பதை வாடகைக்குக் கொடுப்பவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். இங்கே கடல் ஏற்றவற்றம் சில பத்து சென்டிமீட்டர்தான் என்பதால் அதற்காகத் தனிக் கணக்கு வேண்டியதில்லை.

நங்கூரத்தைப் போட்டுவிட்டு உடனே எஞ்சினை நிறுத்துவதைத் தினமும் பார்க்கலாம். சங்கிலி விட்ட பிறகு மெதுவாகப் பின்னால் இழுத்து, பிடித்த பின் எஞ்சின் வேகத்தைக் கூட்டி, கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு பாறையும் போல. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நங்கூரம் நழுவுகிறது. அப்புறம் முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு குதித்து, நங்கூரத்தை நேரிலேயே பாருங்கள். இவ்வளவு தெளிந்த கடலில் அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

இவ்வளவு செய்தாலும் போதாத நாள் உண்டு. 2022 ஆகஸ்ட் 18 காலை தென்மேற்கிலிருந்து வந்த இடிமழைப் புயல் கோர்சிகாவைத் தாக்கியது. மேற்குக் கரையை ஒட்டிய மரிஞானாவில் காற்று மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தபோது புயல் ஏற்கெனவே தீவின் மீது இருந்தது. தீவில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏராளமான படகுகள் கரையில் மோதின. அந்த வேகத்துக்கு எந்த நங்கூரமும் பதில் சொல்லியிருக்காது. ஆனாலும் அன்றைய அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கோடையின் முடிவில் கடல் மிகவும் சூடேறியிருக்கும்; அறிக்கையில் இடிமழை என்ற சொல் வந்தாலே, காற்றின் எண்கள் சிறியதாக இருந்தாலும், துறைமுகத்துக்குள் இடம் பிடியுங்கள். அது முடியவில்லை என்றால் மேற்கே திறந்த, கூட்டமான குடாக்களையாவது தவிருங்கள். இருட்டில் வெளியேற வேண்டி வந்தால் திசைகாட்டியில் எந்தக் கோணத்தில் போவது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கே பொனிஃபாசியோ நீரிணைக்குத் தனி மரியாதை தர வேண்டும். கோர்சிகாவுக்கும் சார்தினியாவுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் அகலம்தான். மேற்குக் காற்று அதற்குள் நெருக்கப்பட்டு வேகம் கூடும். வெளியே மிதமாக இருப்பது உள்ளே கடுமையாகிவிடும். இங்கே லவெஸ்ஸி தீவுகளைச் சுற்றிப் பாறைகள். 1855 பிப்ரவரியில் கிரிமியப் போருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற செமியான்ட் என்ற போர்க்கப்பல் இங்கே மோதி உடைந்தது. சுமார் 700 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களின் கல்லறைகள் தீவிலேயே இருக்கின்றன. லவெஸ்ஸி பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம். பொனிஃபாசியோ துறைமுகத்தின் வாய், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கிட்டத்தில் போகும்வரை தெரியாது. உள்ளே இடுக்கானது, சார்தினியா போகும் ஃபெர்ரிகள் அதே வழியில் வரும். ஆகஸ்டில் இடம் முன்பதிவு செய்யாமல் மாலையில் போய் நிற்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. கரையிலிருந்து 300 மீட்டருக்குள் வேகம் மணிக்கு 5 கடல்மைலைத் தாண்டக் கூடாது. மஞ்சள் மிதவைகளுக்குள் நங்கூரம் கிடையாது, அது குளிப்பவர்களின் இடம். ஸ்கந்தோலா இயற்கைக் காப்பகத்துக்குப் போகுமுன் எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்ற விதிகளைப் படித்துவிடுங்கள். அங்கே பாறை உச்சிகளில் கூடு கட்டும் விரால் அடிப்பான் பருந்துகள் படகு நெருங்கினால் கூட்டைவிட்டு எழும், குஞ்சுகளுக்கு இரை குறையும். பக்கத்தில் உள்ள ஜிரொலாட்டாவில் கோடையில் கட்டண மிதவைகள் உண்டு. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க மிதவைகளுக்கு நடுவே நங்கூரம் போடாதீர்கள்: மிதவையில் கட்டிய படகு சின்ன வட்டத்தில் சுழலும், நங்கூரமிட்ட படகு பெரிய வட்டத்தில் சுழலும், இரவில் காற்று திரும்பும்போது இரண்டும் மோதும். இரவில் நங்கூர விளக்கை எரியவிடுங்கள். ஆபத்தென்றால் விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசை. கைபேசியில் 196, பிரான்சின் கடல் மீட்பு மையத்துக்கு நேரே போகும் எண். இந்த இரண்டையும் படகில் உள்ள குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டே துறைமுகத்தைவிட்டுக் கிளம்புங்கள்.