ஆங்கிலச் சொல்லைத் துணையோடு பிடிக்கும் முறை

ஆங்கிலச் செய்தித்தாள் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் மட்டும் 'குட்', 'வெரி இம்பார்ட்டன்ட்' தாண்டிக் கை நகரவில்லை என்றால், அபூர்வச் சொற்களைத் தேடி ஓடாதீர்கள். நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டிலிருந்து தொடங்குங்கள். எல்லாருக்கும் தெரிந்த அடிப்படைச் சொற்கள் 2000ஐ விலக்கிவிட்டு, பல துறைப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருபவற்றைத் திரட்டிய பட்டியல் அது. மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே அடிச்சொல்லிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள். நாளுக்கு ஐந்து, வாரத்தில் ஆறு நாள் என்றால் 19 வாரத்தில் முடியும்.

தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி மனப்பாடம் செய்வதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். 'கண்டக்ட்' என்றால் 'நடத்து' என்று குறித்துக்கொள்கிறோம். தமிழில் கடையையும் நடத்தலாம், குடும்பத்தையும் நடத்தலாம், ஆய்வையும் நடத்தலாம். ஆங்கிலத்தில் 'கண்டக்ட்' வழக்கமாகச் சேர்வது சர்வே, ரிசர்ச், இன்டர்வியூ போன்றவற்றோடு. கடைக்கு 'ரன்' வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் குறைந்தது மூன்று துணைச்சொற்களோடு எழுதுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள அகராதி இதற்கு உதவும். லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களிலேயே விளக்கம் தருகிறது, எடுத்துக்காட்டு வாக்கியங்களில் துணைச்சொற்களும் கிடைக்கும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை தயாரியுங்கள். அட்டையின் முன்பக்கம் முழு வாக்கியம், சொல்லின் இடத்தில் கோடு, முதலெழுத்து மட்டும். பின்பக்கம் சொல், பொருள், துணைச்சொற்கள், அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு. அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள். 'கண்டக்ட்' வினையாக வரும்போது பின்னசை அழுந்தும். நடத்தை என்ற பெயர்ச்சொல்லானால் முன்னசை.

சொல்லின் சாயலையும் ஒரு வரியில் குறியுங்கள். 'சைல்ட்லைக்' குழந்தையுள்ளம், பாராட்டு. 'சைல்டிஷ்' சிறுபிள்ளைத்தனம், குறை. இரண்டையும் மாற்றி எழுதினால் பாராட்ட நினைத்தவரைப் புண்படுத்திவிடுவீர்கள்.

அட்டைகளை 1, 3, 7, 15, 30ஆம் நாட்களில் திருப்புங்கள். தவறினால் அந்த அட்டை மீண்டும் முதல் நாளுக்குப் போகட்டும். சொல்லை மனதிலிருந்து எடுத்த பிறகே பின்பக்கம் பார்க்க வேண்டும். வெறுமனே படித்துப்போனால் தெரிந்ததுபோலத் தோன்றும், எழுதும்போது வராது. அன்கி என்ற அட்டைச் செயலி, திருப்ப வேண்டிய நாட்களைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் அதில் நாளொன்றுக்கு 20 புது அட்டை என்று முன்கூட்டியே வைத்திருப்பார்கள். உடனே 5 ஆக்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில் திருப்ப வேண்டியவை மலைபோல் குவியும், பலர் விட்டுவிடுவது அப்போதுதான்.

சனிக்கிழமை மட்டும் புதுச்சொல் வேண்டாம். அந்த வாரச் சொற்களில் இரண்டை எடுத்து 120 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். ஐந்தாறைத் திணித்தால் வாக்கியம் முறுக்கிக்கொள்ளும். எழுதிய பின் அந்த இரண்டையும் அகராதி வாக்கியங்களோடு ஒப்பிடுங்கள். துணைச்சொல் பிசகியிருந்தால் திருத்திய வாக்கியத்தையே அட்டையின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள்.