கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

கொழும்பில் இருந்துகொண்டு ஊரில் அம்மா வீட்டுக்கு சோலார் போட நினைப்பவர்கள் கவனிக்க: மின்சார லைனோடு இணைக்கும் சாதாரண இன்வேட்டர் (பனலில் வரும் கரண்டை வீட்டுப் பாவனைக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலிலும்தான்! லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால் பற்றரி பூட்டக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் கேளுங்கள். செலவு கூடும், வேறு வழியில்லை. கிணற்று மோட்டரையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

பனல் தெற்கு பார்த்து, சுமார் 10 பாகை சரிவில் இருந்தால் சரி. அப்புறம் கூரைக்குப் பக்கத்தில் தென்னை நின்றால் அதையும் பாருங்கள். ஓலை நிழல் ஒரு பனலில் விழுந்தாலே வரிசை முழுவதும் உற்பத்தி குறையலாம். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் கூரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.