சம்பளக் கணக்கை நீயே எழுதி வை

தம்பி, விசா இல்லாமல் ஹோட்டல் சமையலறையில் நிற்கிறாய் என்றால் முதல் நாளே ஒரு சின்ன நோட்டு வாங்கு. நான் பாத்திரம் கழுவிய இடத்தில் முதலாளியும் பிழைக்க வந்தவர்தான். "கணக்கெல்லாம் எதுக்கு, நீ என் தம்பி மாதிரி" என்பார். 3 மாதச் சம்பளம் நின்றபோது என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

வந்த நேரம், போன நேரம், கைக்கு வந்த பணம், தங்கும் இடத்துக்குப் பிடித்தது எல்லாம் அன்றன்றே எழுது. நோட்டைக் கடையில் வைக்காதே. சம்பளத் தேதியை முதலாளியிடம் குறுஞ்செய்தியில் கேள். அவர் பதிலே சாட்சி. பாஸ்போர்ட்டை மட்டும் கொடுக்கவே கொடுக்காதே.

செய்த வேலைக்குக் கூலி ஆவணம் இல்லாதவருக்கும் உண்டு என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1975ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 143. ஆனால் அதை ஏற்ற நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். புகார் எழுதுமுன் தொழிற்சங்கத்தில் விசாரி: தகவல் குடியேற்றத் துறைக்குப் போகுமா?